மூச்சுப் பெட்டியைக் குத்தியவன்

பிச்சையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. வராவிட்டால் போகட்டும். அவனுக்கு நல்ல வார்த்தை சொல்ல ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மலாய் நாட்டில் லூனாஸ் ஊரிலிருந்து உள்ளே போனால் செம்மண் தோட்டம். துரை வைத்த பெயர் வேறு, அதை எங்கள் வாயால் சொல்ல முடியாது என்பதால் நாங்கள் வைத்துக்கொண்ட பெயர் இது. அங்கே நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அழகேசன் எஸ்.சி. வேலையில் இருந்தார். வெள்ளைக்காரன் அவசரகாலம் என்று சொல்லித் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்த சமயம் அது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் போகக் கூடாது, துப்பாக்கியும் போகக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்து ஆண்களில் சிலருக்குக் காக்கிச் சட்டை மாட்டி, ஆளுக்கொரு துப்பாக்கியைக் கொடுத்து, ஸ்பெஷல் கான்ஸ்டபிள், சுருக்கமாக எஸ்.சி., என்று பெயர் வைத்திருந்தார்கள். பிச்சையும் அதில் ஒருவன்.

தோட்டத்தின் எல்லையில் ஒரு குட்டை. யாரோ ஒரு காலத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிறைந்து, ஐந்தாள் ஆழத்துக்குப் பச்சையாகக் கிடக்கும். அதன் மேல் பலகைப் பாலம். ரோந்து போகும்போது அந்தப் பாலத்தில் பலகை உடைந்து என் வீட்டுக்காரர் தண்ணீரில் விழுந்தார். அவருக்கு நீச்சல் தெரியும், துப்பாக்கிக்குத் தெரியாது. பின்னால் வந்த பிச்சைதான் கையைப் பிடித்து அவரைக் கரையில் இழுத்துப் போட்டான்.

துப்பாக்கி எங்கே என்று கேட்டு அவரை ஸ்டேஷனில் அடைத்துவிட்டார்கள். இழுத்துப் போட்ட அதே பிச்சை, அங்கே போய் "அவரு விழுந்தத நான் பாக்கல துவான், திரும்பி நின்னுக்கிட்டு இருந்தேன்" என்று இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் சொல்லிவிட்டான்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று கேட்டால், பயம். கூடப் போனவனையும் உள்ளே தள்ளிவிடுவார்களோ என்ற பயம். பயப்படாத ஆள் அந்தக் காலத்தில் யார்? நானும்தான் பயந்தேன். அதற்காக இன்னொருத்தியின் தாலியில் கை வைத்தேனா?

இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தைதான் சொன்னார். துப்பாக்கி தண்ணீரில் இருந்தால் எடுத்துக் கொண்டு வா. இல்லையென்றால் அது காட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். காட்டுக்குக் கொடுத்தவனுக்குத் தூக்கு. புதன்கிழமை அவரை அலோர் ஸ்டார் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவோம், அதற்கப்புறம் எங்களிடம் வந்து அழுது பிரயோஜனமில்லை. இதைக் கிராணி பரஞ்சோதி தமிழில் எனக்குச் சொன்னார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற மனிதர், மலாயும் இங்கிலீஷும் தெரியும் என்பதால் எங்களுக்கும் போலீஸுக்கும் நடுவில் அவர்தான் வாய். அவர் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

தண்ணீரில் இறங்கித் தேட ஒரு ஆளை அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். அரசாங்கத்துக்கு வேறு வேலை இல்லையா என்றார்கள்.

சரி, நாமே எடுப்போம் என்று இறங்கினோம். என் கொழுந்தன் அம்மாசி கயிற்றில் இரண்டு கொக்கி கட்டிப் போட்டு இழுத்தான். அடியில் கிடந்த மரக்கட்டைகளில் சிக்கி இரண்டு கொக்கியும் போயின. மூச்சடக்கி முங்கினான், பாதி ஆழம்கூடப் போக முடியவில்லை. அப்புறம்தான் ஸ்டோரில் பால் இறக்கும் நீளமான ரப்பர் குழாயைக் கொண்டுவந்தார்கள். ஒரு முனையை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினால், கரையில் இருக்கும் மறுமுனை வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும், எத்தனை நேரம் வேண்டுமானாலும் அடியில் இருக்கலாம் என்று எல்லாரும் நினைத்தோம். ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு ரப்பர் குழாய்மேல் அவ்வளவு நம்பிக்கை.

கழுத்தளவு தண்ணீரில் அம்மாசி நன்றாகத்தான் மூச்சு விட்டான். ஓராள் ஆழத்துக்குக் கீழே போனதும் குழாயைத் துப்பிவிட்டு அலறிக்கொண்டு மேலே வந்தான். முகம் நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"குழா தொறந்துதான் இருக்கு அண்ணி. காத்து வரமாட்டேங்குது. நெஞ்சு மேல யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி இருக்கு. இழுக்கவே முடியல" என்றான்.

குழாயை ஊதிப் பார்த்தேன். அடைப்பு எதுவும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அங்கேயே வெட்டிப் போட்டிருப்பேன், ஸ்டோர் சாமான் என்பதால் விட்டேன்.

லூனாஸ் பாசாருக்குப் பக்கத்தில் பலகாரக் கடை வைத்திருந்த பஷீரா அக்காவிடம் அன்று புலம்பினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தவர், "அடியே, எங்க நானா பினாங்கு ஹார்பர்ல அதே வேலதானே பாக்குது" என்றார். அவருடைய அண்ணன் கவுஸ், கப்பலுக்கு அடியில் போய்ப் பாசி சுரண்டுகிறவர். முதலாளி ஒரு பிரெஞ்சுக் கப்பல்காரனிடம் தண்ணீருக்குள் மூச்சு விடும் சாமான் ஒன்றை வாங்கி இவரிடம்தான் கொடுத்து வைத்திருக்கிறாராம். அக்கா ஆள் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் கவுஸ் நானா வந்து இறங்கினார். முதலாளிக்குத் தெரியாமல் கொண்டுவந்திருந்தார். தெரிந்தால் வேலை போய்விடும் என்று பஷீரா அக்கா என் காதில் சொன்னார். நானா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கடையின் பின்கட்டில் சாக்குப்பையைத் திறந்து காட்டினார். ஆள் கால் உயரத்துக்கு ஒரு இரும்பு சிலிண்டர். அதோடு தனியாக, பெரிய பிஸ்கட் டின் அளவில் ஒரு வட்டமான தகரப் பெட்டி. பெட்டியிலிருந்து மடிப்பு மடிப்பான இரண்டு குழாய்கள் வாயில் கவ்வும் ரப்பருக்குப் போயின.

"ஓங்க கொழுந்தன் குழா போட்டானாமே, ஏன் மூச்சு வரல தெரியுமா தங்கச்சி?" என்று கேட்டார். "கரையில இருக்கிறது லேசான காத்து. கீழ போகப் போகத் தண்ணி நாலு பக்கமும் நெஞ்ச அமுக்கும். அமுக்கின நெஞ்ச விரிச்சு அந்த லேசுக் காத்த இழுக்கணும்னா எந்த மனுசனுக்கும் பலம் பத்தாது. தண்ணி என்ன கனத்துல அமுக்குதோ அதே கனத்துல காத்து உள்ள வரணும். அப்பதான் நெஞ்சு தெரியாம விரியும்."

"அப்ப இந்த சிலிண்டர்ல இருக்கிறது?"

"இதுல காத்த மூட்டைல அரிசி மாதிரி திணிச்சு வச்சிருக்கு. அப்படியே வாயில தொறந்து விட்டா ஈரக்குலை கிழிஞ்சிரும். அதுக்குத்தான்லா நடுவுல இந்தப் பெட்டி."

பெட்டியைத் திருப்பிக் காட்டினார். முகப்பில் விரல் நுழையாத அளவில் வரிசையாக ஓட்டைகள்.

"இந்த ஓட்ட வழியா குட்டைத் தண்ணி உள்ள வரும். அந்தப் பக்கம் என்னோட மூச்சு. நடுவுல மெல்லிசா ஒரு ரப்பர் தோல், ரெண்டையும் பிரிச்சுக்கிட்டு நிக்குது. தண்ணி அமுக்கினா தோல் உள்பக்கம் வளையும். வளைஞ்சா ஒரு நெம்புகோல் அசைஞ்சு வால்வு தொறக்கும், காத்து வரும். ரெண்டு பக்கமும் கனம் சரியாயிருச்சுன்னா தோல் நிமிந்துக்கும், வால்வு மூடிக்கும். பத்தடில பத்தடிக்கு உள்ள கனம், முப்பதடில முப்பதடிக்கு உள்ள கனம். நான் இழுத்தா வரும், நிறுத்தினா நின்னுரும். யாரும் மேல நின்னு திருக வேண்டியதில்ல."

ஒரு துண்டு ரப்பர் தோல். தண்ணீரின் பக்கம் ஒரு கண், மனிதனின் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கொடுக்கிறது. எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஸ்டேஷனில் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தத் தோலுக்கு இருக்கிற நியாயம் இல்லை.

தோட்டத்து கேட்டில் அன்று காவல், வேறு யார், பிச்சைதான்.

வெளியாள் உள்ளே வர வேண்டுமானால் ஆபீஸில் போய்ப் பாஸ் வாங்க வேண்டும், சாயங்காலம் கேட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். சாமானைக் கேட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னான். கவுஸ் நானா தயங்கினார்.

"பாத்துக்குங்க தம்பி. பெட்டிய மட்டும் தொடாதீங்க" என்றார்.

"நம்ம அழகேசன் அண்ணனுக்குத்தானே. நான் பாத்துக்கறேன்" என்றான் பிச்சை, என் முகத்தைப் பார்க்காமல்.

நாங்கள் ஆபீஸில் பரஞ்சோதி கிராணியிடம் பாஸ் வாங்கிக்கொண்டு திரும்பினோம். "எல்லாம் செக் பண்ணியாச்சு, போகலாம்" என்று பையை எடுத்துக் கொடுத்தான். அம்மாசி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டான். குட்டைக் கரையில் கவுஸ் நானா பெட்டியை சிலிண்டரில் பூட்டி, வாயில் கவ்வி, மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். அவருடைய முகம் மாறியது.

"காத்து லேசா வருதே" என்றார். "வால்வு தொறக்கிற சத்தமே கேக்கல. இது சிலிண்டர் காத்து இல்ல, வெளிக்காத்து."

பெட்டியின் ஓரத்திலிருந்த கிளிப்புகளைக் கழற்றித் திறந்தார். நடுவிலிருந்த ரப்பர் தோலில் நாலைந்து இடத்தில் குத்து. ஒன்று விரல் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த நாட்களில் தோட்டத்துக்குள் எந்த டின் வந்தாலும் ஓட்டை போட வேண்டும் என்று சட்டம். மத்தி மீன் டின்னோ, பால் டின்னோ, கடைக்காரரே ஆணியால் குத்தித்தான் கொடுப்பார். குத்திய டின் இரண்டு நாளில் கெட்டுவிடும், காட்டுக்குக் கடத்த முடியாது. கேட்டில் நிற்பவர்கள் கையில் இதற்கென்றே கூரான சைக்கிள் கம்பி ஒன்று இருக்கும். அரிசி, மாவு, விறகுக் கட்டு, சாணிக் கூடை, எல்லாவற்றையும் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். குத்திக் குத்திக் கை பழகிப்போய், பிள்ளையின் தொட்டிலைக்கூடக் குத்திவிடுவார்கள் போலிருந்த காலம்.

நான் கேட்டுக்கு ஓடினேன். என் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்று எழுத முடியாது.

"டின்னு மாதிரி இருந்துச்சுக்கா" என்றான் பிச்சை. "ஓட்ட ஏற்கனவே இருந்துச்சு. உள்ள கம்பிய விட்டுப் பாத்தேன், மெத்துன்னு அமுங்குச்சு. மாவுப் பொட்டலம் ஏதாச்சும் வச்சிருக்காங்களோன்னு…"

"தண்ணிக்குள்ள போறவன் மாவு எதுக்குடா கொண்டு போறான்? அடியில உக்காந்து ரொட்டி சுடவா?"

"போன மாசம் ஒரு டின்ன விட்டுட்டான்னு நம்ம செட்டுல ஒருத்தன தூக்கிட்டுப் போயிட்டாங்கக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

"மொதல்ல கண்ண மூடிக்கிட்ட. இப்ப கம்பிய எடுத்துக் குத்திட்ட. நாளைக்கு அவரு தூக்குல தொங்கறப்ப காலப் பிடிச்சு இழுக்கவும் நீதான் போவே. வாடா எங்கூட!"

அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தான். கேட்டில் நின்ற இன்னொரு எஸ்.சி. தடுக்கவில்லை. நான் இருந்த இருப்பில் என்னை யாரும் தடுத்திருக்க முடியாது.

கவுஸ் நானா கரையில் உட்கார்ந்து தோலை மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார். "ஒட்டுப் போட்டாப் பத்தாதா?" என்று அம்மாசி கேட்டான். ஒட்டின இடம் விறைத்துக்கொள்ளும், வளையாது என்றார். சைக்கிள் டியூபை வெட்டிக் கொண்டுவந்தான். அதை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இத அசைக்க என் மூச்சுக்கு வலு இல்ல தம்பி. தண்ணி அமுக்கறது இதுக்குத் தெரியறதுக்குள்ள நான் செத்துருவேன்" என்றார். பினாங்குக்குப் போய் வேறு தோல் கொண்டுவர அன்று பஸ் இல்லை. விடிந்தால் புதன்.

சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை ரப்பர் மரம். உலகத்திலுள்ள காருக்கெல்லாம் சக்கரம் எங்கள் கையிலிருந்து போகிறது என்று துரை பெருமையடிப்பார். என் வீட்டுக்காரர் உயிருக்கு உள்ளங்கை அகல ரப்பர் கிடைக்கவில்லை.

"எவ்வளவு மெல்லிசா வேணும்?" என்று கேட்டேன்.

"பப்படம் மாதிரி. ஆனா இழுத்தா நீளணும், விட்டா சுருங்கணும்."

ஸ்டோரில் காலையில் வெட்டிய பால் இன்னும் உறைய வைக்கும் ஆசிட் கலக்காமல் தொட்டியில் இருந்தது. யாரையும் கேட்காமல் ஒரு மங்குக் கிண்ணத்தில் மொண்டுகொண்டேன். திருட்டு என்றால் திருட்டு. இரண்டு எனாமல் தட்டை எடுத்து, தோசைக்கு மாவை இழுப்பதுபோல் ஒரு பூச்சு பூசி, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் வீட்டின் கதவோரச் சூட்டில் வைத்தேன். காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு பூச்சு. புகையில் கண் எரிந்தது. பரவாயில்லை, அழுவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது. பொழுது சாய ஆரம்பித்தபோது உரித்தெடுத்தேன். மஞ்சளாக, வெளிச்சம் ஊடுருவ, பிசுபிசுவென்று இருந்தது. என் முகப் பவுடரை இரண்டு பக்கமும் கொட்டித் தடவினேன்.

கவுஸ் நானா அதை இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பச்ச ரப்பர். கந்தகம் போட்டுச் சுடாதது. கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் இளகி வளைஞ்சது வளைஞ்சபடியே நின்னுரும்" என்றார்.

"நின்னா?"

"வால்வு மூடாது. நான் இழுக்காமலே காத்து கொட்டிக்கிட்டே இருக்கும். மூச்சுக்குப் பஞ்சமில்ல, ஆனா சிலிண்டர் சீக்கிரம் காலியாயிரும்." கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை என் கையில் கொடுத்தார். "தங்கச்சி, குமிழியப் பாத்துக்கிட்டே இருங்க. விட்டு விட்டு வந்தா நான் மூச்சு விடறேன்னு அர்த்தம். விடாமக் கொதிக்கிற மாதிரி வந்துச்சுன்னா தோல் போயிருச்சு. இழுத்துருங்க. ஆனா மெதுவா. அடியில இழுத்த கனமான காத்து மேல வர வர ஊதும். நான் வெளிய விட்டுக்கிட்டேதான் வரணும்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்கா கேட்ட ஒரு வார்த்தைக்காக வந்த மனிதர், என் கையால் பூசிய பச்சை ரப்பரை நம்பி இறங்குகிறார். அன்று என் கண்ணுக்கு அந்தத் துப்பாக்கி ஒன்றுதான் தெரிந்தது.

உடைந்த பலகைக்கு நேராக இறங்கினார். பச்சைத் தண்ணீர் மூடிக்கொண்டது. குமிழி ஒரு கொத்து வந்தது, நின்றது. இன்னொரு கொத்து வந்தது, நின்றது. கயிறு என் கைக்குள் ஓடி, அப்புறம் தளர்ந்தது. அடியைத் தொட்டுவிட்டார். அம்மாசி எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். பிச்சை தள்ளி நின்றுகொண்டிருந்தான்.

"புடிடா நீயும்!" என்றேன். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்தான்.

கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருந்த குமிழிக்கு நடுவே இருந்த இடைவெளி குறைந்துகொண்டே போயிற்று. பிறகு இடைவெளியே இல்லை. உலையில் அரிசி கொதிப்பதுபோலத் தண்ணீர் பொங்கியது.

"அண்ணி, தோல் போச்சு" என்றான் அம்மாசி.

நான் இழுக்கவில்லை. சொல்லவே கூசுகிறது, உடனே இழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், இப்போது கிடைத்துவிடும் என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. பஷீரா அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த இன்ஸ்பெக்டரை, பிச்சையை, அந்தப் பலகையை ஆணி அடித்தவனை, எல்லாரையும் திட்டிக்கொண்டே இழுத்தேன்.

கவுஸ் நானா சேறும் பாசியுமாக மேலே வந்து, வாயில் கவ்வியிருந்த ரப்பரைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார்.

"வார் கையில பட்டுச்சு! துப்பாக்கியோட வாரு! சேத்துக்குள்ள ரெண்டு கட்டைக்கு நடுவுல செருகிக்கிட்டு இருக்கு, இன்னும் ரெண்டு இழுப்புல வந்திருக்கும்!"

சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார், வால்வில் காதை வைத்துக் கேட்டார். பெட்டியைத் திறந்தார். என்னுடைய தோல் உள்பக்கமாகக் குழிந்து அப்படியே நின்றிருந்தது.

"ரெண்டு தட்டுல பூசினீங்களே, இன்னொன்னு எங்க?" என்றார்.

இரண்டாவது தட்டில் காய்ந்ததை எடுத்துக் கொடுத்தேன். "வேணாம் நானா" என்று இந்தத் தடவை சொன்னேன். "காத்து கம்மியா இருக்கு. ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"எடம் தெரிஞ்சு போச்சு. போனதும் வாரப் புடிச்சுக் கயித்த மாட்டிட்டு வந்துருவேன். பவுடர இன்னும் கொட்டுங்கலா" என்றார்.

இந்த முறை கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனார். குமிழி விட்டு விட்டு வந்தது. வந்துகொண்டே இருந்தது. பின் நின்றுவிட்டது. விட்டு விட்டும் இல்லை, விடாமலும் இல்லை. ஒன்றுமே இல்லை. காற்று தீர்ந்துவிட்டால் குமிழி எப்படி வரும் என்று அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. தண்ணீர் தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. நான் குட்டையில் குதிக்கப் போனேன், அம்மாசி என் சேலையைப் பிடித்து இழுத்தான். அந்த நேரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் தலை ஒன்று வெளியே வந்து, வாயைப் பிளந்து, குட்டைக் காற்று முழுவதையும் உறிஞ்சுவதுபோல் சத்தம் போட்டது.

"இழுங்க" என்றார்.

மூன்று பேருமாகக் கயிற்றை இழுத்தோம். முதலில் வரவில்லை, பிறகு சட்டென்று வந்தது. சேற்று உருண்டையாகக் கரையேறியது. பிச்சைதான் முதலில் துடைத்து நம்பரைப் படித்தான். படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். அவன் அழுகையைப் பார்த்து எனக்குக் கொஞ்சமும் மனசு இளகவில்லை.

கவுஸ் நானாவைக் கேட் மூடுவதற்குள் அம்மாசியோடு அனுப்பிவிட்டு, பரஞ்சோதி கிராணியையும் பிச்சையையும் கூட்டிக்கொண்டு, தோட்டத்து லாரியில் ஸ்டேஷனுக்குப் போனேன். துப்பாக்கியை நானே மடியில் வைத்துக்கொண்டேன். சேறு என் சேலையெல்லாம் வழிந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, குழலிலிருந்து தண்ணீரைக் கொட்டினார். நம்பரைச் சரி பார்த்தார். தோட்டா எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. அப்போது பிச்சை முன்னால் வந்து, "நான் பாத்தேன் துவான், பலகை ஒடைஞ்சு விழுந்தாரு, நான்தான் கையக் குடுத்துத் தூக்கினேன்" என்றான். பயமில்லாதபோது உண்மை சொல்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

"பாகுஸ், பாகுஸ்" என்றார் இன்ஸ்பெக்டர். நல்லது, நல்லது என்று அர்த்தம். ஒரு போலீஸ்காரனை உள்ளே அனுப்பினார்.

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். முகத்தில் ஒரு காயமும் இல்லை. முகத்தை விட்டுவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார், ஆனால் பக்கத்தில் வரவில்லை. இன்ஸ்பெக்டருக்கு முன்னால் விறைப்பாக நின்று சலாம் வைக்கக் கையைத் தூக்கினார். கை நெற்றிவரை போனது, விரல்கள் நீளவில்லை. ஐந்தும் வீங்கிக் கறுத்து, ஒன்றுக்கொன்று வேறு வேறு பக்கம் கோணிக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்காத மாதிரி, துடைத்த துப்பாக்கியை அவரிடம் நீட்டினார். துப்பாக்கி கிடைத்துவிட்டது, குற்றமில்லை, நாளைக்கே டூட்டிக்கு வரலாம். அவர் இரண்டு கையாலும் வாங்கப் பார்த்தார். பிடி கொள்ளவில்லை. துப்பாக்கி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. "மன்னிச்சுக்குங்க துவான், மன்னிச்சுக்குங்க" என்று அவர் குனிந்து பொறுக்கப் போனார்.

நான் அவரைத் தள்ளிவிட்டு அதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஒங்க சாமான் இத்தன நாளு சேத்துக்குள்ள கெடந்துச்சு. ஒரு கீறல் இல்லாம கொண்டாந்து குடுத்துட்டேன். என் புருஷன் ஒங்க கூரைக்குக் கீழதானே இருந்தாரு? அவர எந்தக் கதியில திருப்பிக் குடுக்கிறீங்க?"

இன்ஸ்பெக்டர் கிராணியைப் பார்த்து, இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

பரஞ்சோதி என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் கையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். அவருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, தெரியும்.

"தியா சாக்காப் தெரிமா காசே, துவான்" என்று மலாயில் சொன்னார். ரொம்ப நன்றி என்கிறாளாம்.

பாசாரில் ஒரு கட்டு கீரை வாங்கினாலும் நாங்கள் சொல்லும் வார்த்தை அது. அது எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டி, பேனாவை எடுத்தார். என் வீட்டுக்காரர் கோணிய கையால் என் முழங்கையைத் தொட்டு, போயிரலாம் என்பதுபோல் தள்ளினார்.

நான் அந்தக் கையை அப்படியே மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, மேசைக்கு மேலே, இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேரே நீட்டினேன். எனக்குத் தெரிந்தது பாசார் மலாய்தான். பெரிய மனிதரிடம் பேசும் மரியாதை அதில் கிடையாது.

"புக்கான் தெரிமா காசே" என்றேன். "இனி தாங்கான், லூ புன்யா கெர்ஜா."

நன்றி இல்லை. இந்தக் கை, நீ செய்த வேலை. கிராணி வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பார்க்கும் வரைக்கும் நான் அதை இறக்கவில்லை.